சிறு விமானத்தைப் படமெடுக்கும்போது

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாற்றுக்கு அருகே, சத்திரம் என்னும் ஊரில் தேசிய மாணவர் படைக்காக அமைக்கப்பட்ட 650 மீட்டர் ஓடுபாதையில் 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்.டபிள்யூ.-80 என்னும் இரண்டு இருக்கை விமானம் முதன்முறையாகத் தரையிறங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் இத்தகைய விமானத்தைப் படமெடுக்க விரும்புவோர், ஓடுபாதையை நெருங்குமுன் பொறுப்பாளர்களிடம் அனுமதி பெற வேண்டும்.

ஷட்டர் வேகமே, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரமே, எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜெட் விமானத்துக்குப் பழகிய கை 1/2000 நொடியை வைக்கும். ஆனால் அந்த வேகத்தில் புரொப்பல்லர் உறைந்து நின்று, பறக்கும் விமானம் நூலில் தொங்கும் பொம்மைபோலத் தெரியும். நிமிடத்துக்கு 2400 முறை சுழலும் புரொப்பல்லர் நொடிக்கு 40 சுற்றுச் சுற்றுவதால், 1/125 நொடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சுற்று பதிவாகி, இதழ்கள் மெல்லிய விசிறியாக விரியும். பாதங்களை ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பைத் திருப்பி விமானத்தைப் பின்தொடருங்கள். பொத்தானை அழுத்திய பிறகும் அசைவை நிறுத்தாதீர்கள். பத்தில் ஒன்று தெளிவாக அமைந்தாலே நான் மகிழ்வேன்.

மூடுபனி வெளுத்த வானம் விமானத்தைக் கருநிழலாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் கூட்டி இருமடங்காக்குங்கள்.

பயணியாக ஏறும் வாய்ப்புக் கிடைத்தால், என்ஜின் அதிர்வு படத்தைக் கலைக்காதிருக்க லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் பிடியுங்கள். சக்கரங்கள் தரையை விட்டு எழும் அந்த முதல் நொடியில் மட்டும் கேமராவை மடியில் வைத்துவிட்டு, வெளியே பாருங்கள்.