ஜெர்சியைப் பார்த்து யாருக்கு ஓட்டு என்று கணக்குப் போடாதீர்கள்: அமெரிக்க விளையாட்டுப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அலுவலகங்களில் திங்கட்கிழமை காலை யாரும் வாயைத் திறந்து அரசியல் பேச மாட்டார்கள். முந்தின நாள் நடந்த ஃபுட்பால் ஆட்டத்தைப் பேசுவார்கள். (ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்கள் ஊர் ஆட்டம்.) புதிதாக வேலைக்குப் போகிறவர்களிடம் 'மேட்ச் பற்றிப் பேசு, அரசியலைத் தொடாதே' என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லி அனுப்புவதும் இதனால்தான். நல்ல யோசனைதான். ஆனால் மேட்சில் ஆரம்பித்த பேச்சு தேசிய கீதம், போலீஸ், அதிபர், பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் என்று நாலே வாக்கியத்தில் வேறெங்கோ போய் நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அந்த இடத்தில் சறுக்குகிறார்கள். பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம் ஒன்றுதான்: அணிப் பாசத்தையும் கட்சிப் பாசத்தையும் ஒரே சரக்காக எடுத்துக்கொள்வது.

தொப்பியை வைத்துக் கட்சியை ஊகிப்பது

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தவறு சுலபமாக வரும். ரசிகர் மன்றங்கள் கட்சிக் கிளைகளாக மாறியதை 1972-லேயே பார்த்த ஊர் நம்முடையது. யாருக்கு ரசிகர் என்று தெரிந்தால் யாருக்கு ஓட்டு என்பது பாதி தெரிந்த மாதிரி. அந்தக் கணக்கு அமெரிக்காவில் செல்லாது.

அலபாமா மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமா பல்கலைக்கழக அணிக்கும் ஆபர்ன் பல்கலைக்கழக அணிக்கும் உள்ள பகை ஊரறிந்தது. 2010-ல் தன் அணி தோற்ற ஆத்திரத்தில் அலபாமா ரசிகர் ஒருவர் ஆபர்ன் ஊர் முனையில் நின்ற பழைய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார், அதற்காகச் சிறைக்கும் போனார். அந்த ஆபர்ன் அணிக்கு முன்பு பயிற்சியாளராக இருந்தவர் டாமி டியூபர்வில். 2002 முதல் 2007 வரை ஆறு வருடம் தொடர்ந்து அலபாமாவைத் தோற்கடித்தவர். 2020-ல் குடியரசுக் கட்சி சார்பில் செனட் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ், அலபாமா பல்கலைக்கழகத்திலேயே படித்தவர். மாநிலத்தில் அலபாமா ரசிகர்கள்தான் அதிகம். ஆனாலும் டியூபர்வில் சுமார் 60 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். கல்லூரி ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் வருடக்கணக்காகத் திட்டித் தீர்த்த ஆளுக்கு, தேர்தல் நடந்த செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் கதை தலைகீழ். ஹெர்ஷல் வாக்கர் 1980 பருவத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்த நாயகன். 2022-ல் குடியரசுக் கட்சிக்காக செனட்டுக்கு நின்று, இரண்டாம் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக்கிடம் தோற்றார். அதே கட்சியின் ஆளுநர் பிரையன் கெம்ப் அந்த நவம்பரில் சிரமமில்லாமல் ஜெயித்திருந்தார். வாக்கரின் பழைய ஆட்டத்தைக் கொண்டாடியவர்களில் ஒரு பகுதியினர் ஓட்டை மட்டும் கொடுக்கவில்லை.

ஒரே அணிக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. 2024 சூப்பர் பவுலுக்கு (ஃபுட்பால் லீகின் இறுதிப் போட்டி) முன்னால், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் வீரர் டிராவிஸ் கெல்சி டெய்லர் ஸ்விஃப்டைக் காதலிப்பதே பைடனை ஜெயிக்க வைப்பதற்கான சதி என்று வலதுசாரிகள் சிலர் கதை கட்டினார்கள். மூன்று மாதம் கழித்து அதே அணியின் கிக்கர் ஹாரிசன் பட்கர் ஒரு கத்தோலிக்கக் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில், பெண்கள் குடும்பத்தைக் கவனிப்பதைப் போற்றிப் பேசியதும் அதே ஆட்கள் கொண்டாடினார்கள், அவர் பெயர் போட்ட ஜெர்சி விற்றுத் தீர்ந்தது. இப்போது சிவப்பு சீஃப்ஸ் ஜெர்சியோடு லிஃப்டில் நிற்பவர் எந்தப் பக்கம்? சொல்ல முடியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் பொதுவான சாய்வு இருப்பது நிஜம். நாஸ்கார் கார் பந்தயக் கூட்டமும் என்.பி.ஏ. கூடைப்பந்துக் கூட்டமும் ஒன்றல்ல. ஆனால் கூட்டத்தின் சராசரியைக் கொண்டு பக்கத்து மேஜைக்காரரை எடை போட்டால் பெரும்பாலும் அசடு வழிய வேண்டி வரும்.

'முன்னெல்லாம் விளையாட்டில் அரசியலே கிடையாது' என்பது

இதைச் சொல்லாத ரசிகர் இல்லை. தலையாட்டிவிட வேண்டாம். ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடுவதே அரசியலோடு வந்த பழக்கம். 1918 செப்டம்பரில், முதல் உலகப் போர் நடக்கும்போது, சிகாகோவில் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பேண்டு அந்தப் பாட்டை வாசித்தது. கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் ஃப்ரெட் தாமஸ் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார், கூட்டம் சேர்ந்து பாடியது. அப்போது அது தேசிய கீதமே இல்லை. 1931-ல்தான் சட்டம் வந்தது. எல்லா ஆட்டத்துக்கும் முன்னால் என்ற வழக்கம் நிலைத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. மைதானத்தில் ராட்சதக் கொடி விரிப்பது, போரிலிருந்து திரும்பிய ராணுவ வீரரைத் திடீரென்று குடும்பத்தின் முன் நிறுத்துவது போன்ற நெகிழ்ச்சியான நிகழ்ச்சிகளில் சில, பாதுகாப்புத் துறை காசு கொடுத்து நடத்தியவை. 2015-ல் அதை வெளியே கொண்டுவந்தவர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃப்ளேக்கும். இருவருமே குடியரசுக் கட்சி செனட்டர்கள். அவர்கள் அறிக்கை காட்டிய தொகை சுமார் 68 லட்சம் டாலர். கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டியவர்களுக்கு அது விளம்பரம் என்று யார் சொன்னார்கள்?

அப்புறம் முகமது அலி. 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததும் பட்டத்தைப் பிடுங்கி மூன்று வருடத்துக்கு மேல் மேடையேற விடவில்லை. 1971-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் ஜோதியை ஏற்றியதும் அவர்தான். 2005-ல் நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் விருதை ஜார்ஜ் புஷ் அவர் கழுத்தில் மாட்டினார். 'அலி எவ்வளவு கண்ணியமானவர், இப்போதைய பசங்கதான் மோசம்' என்று யாராவது சொன்னால், 1967-ல் அலியை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்கலாம். சண்டைக்கு வேண்டாம், மெதுவாக.

மண்டியிட்டதை அரைகுறையாகப் பேசுவது

இந்த ஒரு விஷயத்தில்தான் அதிக நட்பு முறிந்திருக்கும். தேதிகளை வரிசையாகத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

2016 ஆகஸ்டில், பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில், சான் பிரான்சிஸ்கோ அணியின் குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர்) காலின் கேப்பர்னிக் கீதத்தின்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்பினத்தவர் மீதான ஒடுக்குமுறையும் போலீஸ் வன்முறையும்தான் காரணம் என்று அவரே சொன்னார். அப்போது நேட் போயர் என்ற முன்னாள் சிறப்புப் படை வீரர், தானும் கொஞ்ச காலம் ஃபுட்பால் ஆடியவர், அவரைச் சந்தித்துப் பேசினார். உட்காருவதைவிட ஒரு காலை மடித்து மண்டியிடலாம், இறந்த தோழனின் கல்லறை முன் சிப்பாய்கள் செய்வது அதுதான் என்றார். செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் கேப்பர்னிக் முதன்முறையாக மண்டியிட்டார். 'ராணுவத்தை அவமதித்தார்' என்று ஒருவர் சொன்னால், அந்த வடிவத்தைச் சொல்லிக் கொடுத்ததே ஒரு ராணுவ வீரர் என்பதைச் சொல்லலாம். ஆனால் அதோடு எதிராளி வாயடைத்துப் போவார் என்று நினைக்காதீர்கள். கொடி போர்த்திய பெட்டியில் மகனைப் பெற்றுக்கொண்ட குடும்பங்களில் சிலருக்கு அது வலித்தது, அந்த வலி நடிப்பில்லை.

கதையின் அடுத்த பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2017 செப்டம்பர் 22 அன்று அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் கூட்டத்தில் டிரம்ப், கீதத்துக்கு எழுந்து நிற்காத வீரர்களை முதலாளிகள் உடனே விரட்ட வேண்டும் என்று கெட்ட வார்த்தையோடு பேசினார். அதற்கு முந்தைய வாரம் மண்டியிட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் மண்டியிட்டும் எதிர்ப்புக் காட்டியவர்கள் 200 பேருக்கு மேல். அவர்களில் பலர் எதிர்த்தது அதிபரின் பேச்சை. அதாவது ஒரே செயலுக்கு ஒரு வருடத்தில் அர்த்தம் மாறிவிட்டது. மறுநாள் அரிசோனாவில் டல்லாஸ் கவ்பாய்ஸ் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் வீரர்களோடு கைகோர்த்து மண்டியிட்டார், கீதம் தொடங்கும் முன்பே. பிறகு எல்லாரும் எழுந்து நின்றார்கள். இரு தரப்புக்கும் பிடிக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. அதற்கும் கூட்டத்தில் ஊளைச் சத்தம் வந்தது. எனவே 'மண்டியிட்டது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று யாராவது கேட்டால், எந்த வருடத்தைக் கேட்கிறார் என்று முதலில் பிடிபட வேண்டும். 2016-க்கு இருவருக்கும் ஒரே பதில் இருக்கலாம், 2017-க்கு இருக்காது.

வீரர்களை ஒரே கட்சியாகப் பார்ப்பது

பேஸ்பாலில் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் 1960-ல் ஆதரித்தது நிக்சனை. பிறகு மனம் மாறியது வேறு கதை. பிலடெல்பியா ஈகிள்ஸ் 2025-ல் சூப்பர் பவுல் வென்று வெள்ளை மாளிகை போனபோது ஓட்டக்காரர் சாக்வன் பார்க்லி முதல் நாளே டிரம்போடு கோல்ஃப் ஆடினார். குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் விழாவுக்கு வரவில்லை. இரண்டுக்கும் ஊர் ஊராக அர்த்தம் கண்டுபிடித்தார்கள். இதில் இன்னொரு இரட்டை வேடமும் உண்டு: எதிர்க்கட்சிக்காரராகத் தெரியும் வீரர் வாய் திறந்தால் 'பந்தை மட்டும் ஆடு' என்போம், நம் பக்கத்து வீரர் திறந்தால் 'தைரியசாலி' என்போம். இரு தரப்பும் செய்வதுதான்.

மைதானச் சத்தத்தைக் கருத்துக்கணிப்பாக எடுப்பது

2019 அக்டோபர் 27 அன்று வாஷிங்டனில் வேர்ல்ட் சீரிஸ் ஆட்டத்துக்கு வந்த டிரம்பைப் பார்த்துக் கூட்டம் ஊளையிட்டது. இரண்டு வாரத்தில், நவம்பர் 9 அன்று, அலபாமாவின் டஸ்கலூசா மைதானத்தில் ஆரவார வரவேற்பு. நாட்டின் மனநிலை பதின்மூன்று நாளில் மாறவில்லை, ஊர்தான் மாறியது. 2016-ல் வாஷிங்டன் நகரம் ஹிலாரிக்குச் சுமார் 90 சதவீதம் போட்டது. அலபாமா டிரம்புக்குச் சுமார் 62 சதவீதம். இந்த வீடியோத் துண்டுகளை வாட்ஸாப்பில் அனுப்பி வாதாடுவது வீண் வேலை.

தெரிந்த மாதிரி நடிப்பது

ரசிகராக நடிக்கப் போய் அரசியல்வாதிகள் பட்ட பாடு ஒரு தனி நகைச்சுவை. 2010 ஜனவரியில் மாசசூசெட்ஸ் செனட் இடைத்தேர்தல். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மார்த்தா கோக்லி ஒரு வானொலிப் பேட்டியில் கர்ட் ஷில்லிங்கை நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ரசிகர் என்று சொல்லிவிட்டார். ஷில்லிங் யார்? 2004-ல் காலுறையில் ரத்தம் கசியக் கசியப் பந்துவீசி, அதே யாங்கீஸைத் தோற்கடிக்க உதவிய ரெட் சாக்ஸ் வீரர். பாஸ்டனில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சில நாளில், கென்னடி குடும்பத்தின் சொத்து என்று நினைத்திருந்த அந்த இடம் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுனுக்குப் போனது. தோல்விக்குப் பெரிய காரணங்கள் வேறு இருந்தன. ஆனால் 'இவர் நம்ம ஊர் ஆள் இல்லை' என்ற பேச்சுக்கு இந்த வாய்தவறல் நல்ல தீனி. 2004-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி விஸ்கான்சின் மாநிலத்து கிரீன் பே நகரின் லாம்போ மைதானத்தை 'லாம்பர்ட்' என்றார், 2016-ல் குடியரசுக் கட்சியின் டெட் க்ரூஸ் இந்தியானாவில் கூடைப்பந்து வளையத்தை 'ஹூப்' என்று சொல்லாமல் 'ரிங்' என்றார். கெர்ரி விஸ்கான்சினில் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு இது ரொம்பப் பொருந்தும். ஆஃப்சைடு என்றால் என்ன என்று தெரியாமல் 'சூப்பர் கேம்' என்று சொல்வதைவிட, 'எனக்கு ரூல்ஸ் புரியவில்லை, அந்தக் கடைசி நிமிடத்தில் என்ன நடந்தது?' என்று கேட்டால் எந்தக் கட்சிக்காரரும் பத்து நிமிடம் ஆசையாக விளக்குவார்.

மேட்ச் கிண்டலைத் தேர்தலுக்கும் போடுவது

தங்கள் அணி ஜெயித்தால் 'நாங்க ஜெயிச்சோம்' என்றுதான் அமெரிக்கர்கள் சொல்வார்கள். தோற்ற அணிக்காரரை நக்கலடிக்க உரிமை உண்டு, பந்தயம் தோற்றவர் எதிரணி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. அந்தப் பழக்கத்தில் தேர்தல் மறுநாள் 'உங்க டீம் தோத்துடுச்சா?' என்று கேட்டுவிடாதீர்கள். விசா, மருத்துவக் காப்பீடு, கருக்கலைப்பு உரிமை, வேலை என்று எதிரே இருப்பவருக்கு அந்த முடிவில் என்ன தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிறு இருக்கிறது.

காசை விட்டுவிட்டுக் கொடியைப் பேசுவது

என் பார்வையில் பெரிய தவறு இதுதான். விளையாட்டிலிருந்து ஒரு அமெரிக்கரின் பாக்கெட்டை நேரடியாகத் தொடும் அரசியல் மைதானம் கட்டும் வரிப்பணம். அது பேச்சில் வருவதே அபூர்வம். பஃபலோ பில்ஸ் அணியின் புதிய மைதானத்துக்கு 2022-ல் ஒப்புக்கொண்ட பொதுப்பணம் 85 கோடி டாலர்: நியூயார்க் மாநிலம் 60 கோடி, ஈரி கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) 25 கோடி. ஆளுநர் ஜனநாயகக் கட்சி. மிசூரி மாநிலத்தில், கான்சாஸ் சிட்டி இருக்கும் ஜாக்சன் கவுன்டி மக்களிடம் 2024 ஏப்ரலில் ஓட்டுக் கேட்டார்கள்: சீஃப்ஸ், ராயல்ஸ் (பேஸ்பால் அணி) மைதானங்களுக்காக விற்பனை வரியைத் தொடரலாமா என்று. சீஃப்ஸ் சூப்பர் பவுல் வென்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஜெர்சியைப் போட்டுக்கொண்டே போய் வேண்டாம் என்று குத்தியவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கான்சாஸ் மாநிலம், மைதானச் செலவில் 70 சதவீதம் வரை கடன் பத்திரம் மூலம் ஏற்பாடு செய்து தருகிறோம், எங்களிடம் வாருங்கள் என்று சட்டம் போட்டது. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைச் சட்டமன்றம் நிறைவேற்றியது, ஜனநாயகக் கட்சி ஆளுநர் லாரா கெல்லி கையெழுத்துப் போட்டார்.