டோட்டல் கவுண்ட் ஏமாற்றும்: தொற்று அபாயத்தை ரிப்போர்ட்டில் பார்ப்பது எப்படி?

புற்றுநோய்க்கான கீமோ முடிந்து அப்பா வேளச்சேரி வீட்டுக்கு வந்தபோது டோட்டல் கவுண்ட், அதாவது வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை, 2,400. ‘ரொம்ப ஒண்ணும் குறையலையே’ என்று இருந்துவிட்டோம். பார்க்க வேண்டிய எண் வேறு.

முதலில் சிபிசி என்ற ரத்த அணுக்கள் பரிசோதனையின் ரிப்போர்ட்டை எடுங்கள். வெள்ளையணுக்களின் டோட்டல் கவுண்ட்டுக்குக் கீழே நியூட்ரோஃபில் சதவீதம் இருக்கும். சில லேப்களில் பாலிமார்ஃப்ஸ் என்று போடுவார்கள், இரண்டும் ஒன்றுதான். பாக்டீரியாவை முதலில் எதிர்ப்பது இந்த அணுக்கள். டோட்டலை அந்தச் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் வருவது ஏஎன்சி, அதாவது நியூட்ரோஃபில்களின் நிஜ எண்ணிக்கை. அப்பாவுக்கு 18 சதவீதம்: 2,400 × 18 ÷ 100 = 432. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு டோட்டல் 1,800தான், ஆனால் 70 சதவீதம்: 1,260. கவுண்ட் குறைந்தவர்தான் தேவலை! லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் டோட்டல் 60,000 இருந்தாலும் பெரும்பாலும் பிளாஸ்ட் எனும் முதிராத அணுக்கள் என்றால் அவை சண்டைக்கு உதவாது.

ஏஎன்சி 1,500க்குக் கீழே போனால் குறைவு. 500க்குக் கீழே நிஜமான அபாயம், 100க்குக் கீழே இன்னும் மோசம். அப்புறம், இது எத்தனை நாள் நீடிக்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வாரத்தைத் தாண்டினால் பூஞ்சைத் தொற்றுக்கும் பயப்பட வேண்டும். மெட்ரோவுக்குத் தோண்டிய சாலை வழியே ஆட்டோவில் போவதை நாங்கள் விட்டது அதனால்தான். கட்டுமானப் புழுதியோடு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளும் பறக்கும்.

அடுத்து உடம்பு. வாய், ஆசனவாய்ப் பக்கம், பிக் லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பில் வைக்கும் குழாய்) போட்ட இடம் மூன்றையும் தினமும் பாருங்கள். சீழ் இல்லையே என்று நிம்மதி வேண்டாம். சீழில் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்தான். அதுவே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? லேசான சிவப்பும் வலியுமே போதும், டாக்டரைக் கூப்பிட.

காய்ச்சல் ஒருமுறை 101 காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ, ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். கேஷுவாலிட்டியில் முதல் வாக்கியமே ‘கீமோ பேஷன்ட், ஏஎன்சி 432’ என்று இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். ‘வெயில் சூடுடா, மோர் குடிச்சா சரியாயிடும்’ என்றார் அம்மா. நானும் அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்தேன். காய்ச்சல் அடங்கியது, தொற்று அடங்கவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்க்காக மண்ணீரலை எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏஎன்சி நன்றாக இருந்தாலும் காய்ச்சல் வந்தால் அவசரம்தான். நிமோகாக்கல் தடுப்பூசி போட்ட அட்டையையும் அதே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.