வெள்ளைபடுதல்: ‘சூடு’ என்று விட்டுவிட முன்

சூடான கச்சான் காற்று தொடங்கிவிட்டால் திருகோணமலையில் வெள்ளைபடுதலுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ‘உடம்புச் சூடு’ என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். இளநீர் குடிப்பதில் பிழையில்லை. மருந்து தேவைப்படும் தொற்றோடு இரண்டு மாதம் இளநீரை மட்டும் குடிப்பதுதான் பிழை.

எல்லா வெள்ளையும் நோயுமல்ல. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும், பிறகு தடிக்கும், உள்ளாடையில் காய்ந்தால் இலேசாக மஞ்சளாகத் தெரியும். கர்ப்பத்தில் அளவு கூடும். நாற்றம், கடி, எரிவு, நோ எதுவும் இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அதைப் போய் கிருமிநாசினி கலந்த நீரால் உள்ளே கழுவுகிறார்கள். யோனிக்குள் பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை அமிலமாக இருப்பதற்கு அங்குள்ள நல்ல பக்டீரியாக்களே காரணம். கழுவினால் முதலில் போவது அவைதான். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும்.

அடுத்தது, பாமசியில் “வெள்ளை படுது, குளிசை தாங்க” என்று கேட்பது. எந்த வெள்ளை? தயிர்த் திப்பி போல, கடியோடு, நாற்றமில்லாமல் வந்தால் பெரும்பாலும் பங்கசு (பூஞ்சைத் தொற்று). அதற்குக் குளோட்ரிமசோல் போன்ற மருந்து. சாம்பல் நிறத்தில் நீர்த்து, உடலுறவுக்குப் பின் மீன் நாற்றம் கூடினால் அது பக்டீரியாச் சமநிலை குழம்பியது, அதற்கு மெட்ரோனிடசோல் என்ற அன்ரிபயோட்டிக். பங்கசுக்கு அன்ரிபயோட்டிக் போட்டால் கடி இன்னும் கூடலாம். பச்சை கலந்த மஞ்சளில் நுரைத்து வருவது உடலுறவால் தொற்றும் ட்ரைக்கோமோனாஸ் கிருமியாக இருக்கலாம். கணவரும் கூடவே மருந்து எடுக்காவிட்டால் திரும்பவும் வரும். ஆனால் நிறம் ஊகத்துக்குத்தான் உதவும், உறுதி பரிசோதனையில்தான்.

அந்தப் பரிசோதனையிலும் குழப்பம் உண்டு. ‘யூரின் ஃபுல் ரிப்போர்ட்’ நல்லதாக வந்ததால் யோனியில் தொற்று இல்லை என்றாகாது. சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதில் செய்யும் பரிசோதனை கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் முன்மாற்றங்களைத் தேடுவதற்கு. தொற்றுக்குப் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. முதல்நாள் உள்ளே வைக்கும் குளிசை, கழுவுதல், உடலுறவு மூன்றையும் தவிர்த்து, மாதவிடாய் இல்லாத நாளில் போங்கள்.

அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போக வெட்கப்படுகிறார்கள். அங்கே கடிதம் தேவையில்லை, காசில்லை, விபரம் வெளியே போகாது. கிளமிடியா, கொனோரியா என்ற பாலியல் தொற்றுகள் பல பெண்களில் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் கணவருக்கு எரிவோ சீழோ இருந்தால், உங்களுக்கு வெள்ளையே இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும்.

பங்கசு வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தால், நீரிழிவு இருக்கிறதா என்று வெறும் வயிற்றில் இரத்தச் சீனி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

காய்ச்சலோடு அடிவயிற்று நோ, கர்ப்பத்தில் தண்ணீராக வழிதல் இரண்டுக்கும் அன்றே ஆஸ்பத்திரி. மாதவிடாய் முற்றாக நின்ற பின் வெள்ளையோடு ஒரு துளி இரத்தக் கறை கண்டாலும் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.