கீரைத் தண்டை எறியாதீர்கள்

பொன்னாங்காணி, கங்குன் (வள்ளைக்கீரை) கட்டு வாங்கினால் இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் முற்றிய தண்டை நட்டுவிடுங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சரித்து ஊன்றினால் போதும்.

இந்த இரண்டுக்கும் வேர் கணுவிலிருந்துதான் இறங்கும், அதனால் விதைக்குக் காசு வேண்டாம். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் கட்டைப் பிரித்துப் பாருங்கள்: சில கணுக்களில் வெள்ளை நூல் மாதிரி வேர் ஏற்கெனவே எட்டிப்பார்க்கும். அந்தத் தண்டுகள்தான் முதலில் பிடிக்கும். ஒரு வாரம் போல மண் காயாமல் பார்த்தால் துளிர் வந்துவிடும். அப்புறம் வேரோடு பிடுங்காமல், மண்ணுக்கு மேல் இரண்டு கணு விட்டு வெட்டினால் பக்கக் கிளை வெடித்து மறுபடி மறுபடி தரும்.

கங்குனுக்குத் தண்ணீர் தேங்க வேண்டும் என்று வாளியை நிரப்பி வைக்காதீர்கள். ஈர மண்ணே தாராளம்; தேங்கினால் கொழும்பில் டெங்கு நுளம்புக்குத்தான் வீடு. பழைய பெயின்ட் வாளி என்றால் நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் கிடந்து கறுத்த தண்டு அழுகிவிடும். முளைக்கீரைக்கு விதை தூவுவதுதான் சரி. வல்லாரைக்கு வேரோடு கூடிய கொடித்துண்டு வேண்டும், வெறும் இலைக்காம்பு முளைக்காது. வெயிலே எட்டாத ஃபிளாட் பால்கனியிலும் தண்டு வெளிறி நீளுமே தவிர, ஒரு சுண்டலுக்குக்கூட இலை தேறாது.