ஜைரோ உணரியின் இரைச்சலை வீட்டிலேயே அளப்பது எப்படி?

மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாது. பாய்ந்து செல்லும் ஏவுகணைக்கு வரும் சமிக்ஞையை எதிரி முடக்கிவிடலாம். அந்த வேளையில் வழிகாட்ட எஞ்சியிருப்பவை கலத்துக்குள்ளேயே இருக்கும், சுழலும் வேகத்தை உணரும் ஜைரோக்களும் வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானிகளும்தாம். ஹைதராபாத்தில் உள்ள ரிசர்ச் சென்டர் இமாரத் போன்ற பாதுகாப்பு ஆய்வகங்கள் இவற்றில் நீண்டகாலமாக உழைத்துவருவதற்குக் காரணம் இதுவே. புதிய ஜைரோ ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைப் புரட்டினால் பெரும்பாலும் ஆலன் விலகல் வரைபடம் ஒன்று கண்ணில் படும். அணுக் கடிகாரங்களின் நிலைத்தன்மையை அளக்க 1966இல் டேவிட் ஆலன் வகுத்த முறை அது. பதிவை நேரத் துண்டுகளாக்கிச் சராசரி எடுத்து, அடுத்தடுத்த சராசரிகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று அது காட்டும்; துண்டின் நீளமே சராசரி நேரம். இத்துறைக்கு வர விரும்பும் மாணவர் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஜைரோவும் முடுக்கமானியும் அடங்கிய, சில நூறு ரூபாய் விலையுள்ள எம்பியு-6050 சில்லே அதற்குப் போதும்.

படி 1: அமைப்பு

கம்பி இணைப்பை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அளவீட்டு எல்லையை நொடிக்கு ±250 பாகையாகவும், வேகமான அலைவுகளை நீக்கும் உள்வடிகட்டியை 42 ஹெர்ட்ஸாகவும், பதிவை நொடிக்கு 100 ஆகவும் வையுங்கள். வடிகட்டியைத் திறந்து விட்டால், பதிவு வேகத்தில் பாதியான 50 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இரைச்சல் மடங்கி வந்து கீழுள்ளதோடு கலந்துவிடும்; பிறகு பிரிக்க வழியில்லை.

படி 2: பதிவு

மேசை வேண்டாம், அதிரும். நான் சில்லை அம்மிக்கல்லின் மேல் இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் ஒட்டி, மின்விசிறியை நிறுத்தி, சூடு நிலைபெற அரை மணி நேரம் விட்டு, இரவில் 6 மணி நேரம் பதிவு செய்தேன். சில் தரும் வெப்பநிலையையும் உடன் பதியுங்கள்.

படி 3: கணக்கீடு

6 மணி நேரத்தில் 21,60,000 அளவீடுகள் சேரும். எக்செல் தாளில் 10,48,576 வரிசைகளே கொள்ளும் என்பதால் அதை நாடாதீர்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளும் தேவையில்லை. பைத்தான் நிரல்மொழியில் ஆலன் விலகலைக் கணக்கிடும் ஆலன்டூல்ஸ் என்ற நிரல் நூலகத்தையே பரிந்துரைக்கிறேன். சில் தரும் மூல எண்ணை, ±250 எல்லைக்கு உரிய 131ஆல் வகுத்தால் நொடிக்கு இத்தனை பாகை என்ற வேகம் கிடைக்கும். அதைத்தான் நூலகத்துக்குத் தர வேண்டும்.

நான் தடுக்கி நின்றது இந்த இடத்தில்தான். நாம் எதுவும் சொல்லாவிட்டால், தரப்பட்ட எண்கள் ‘ஃபேஸ்’ வகையைச் சேர்ந்தவை, அதாவது வேகம் அல்ல, கோணம் என்று அந்த நூலகம் எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடமும் அழகாகவே வரும். ஆனால் சராசரி நேரம் 0.1 நொடியிலிருந்து 10 நொடிக்கு, அதாவது 100 மடங்கு கூடும்போது, விலகல் 10 மடங்கு குறைவதற்குப் பதிலாக 100 மடங்கு குறைந்திருந்தது. அந்தச் சரிவு, அளவை முழு எண்ணாக்குவதால் எழும் இலக்கமாக்கல் இரைச்சலுக்கு உரியது என்று பாடநூல்கள் சொல்வதால், பழுதான சில்லை வாங்கிவிட்டேன் என்று நினைத்து, வேறொன்று வாங்கி இன்னோர் இரவும் பதிவு செய்தேன். அதிலும் அதே சரிவுதான். தரவு வகையை ‘ஃப்ரீக்’, அதாவது வேகம், என்று குறிப்பிட்ட பிறகே இரண்டு சில்லுகளும் சரியான கோட்டைத் தந்தன. ஆகவே, எதையும் படித்தறியும் முன் இந்தப் 10 மடங்கு சோதனையைச் செய்துவிடுங்கள்.

படி 4: படித்தறிதல்

சராசரி நேரம் 1 நொடியாக உள்ள இடத்தில் கோட்டின் உயரம் வெண்ணிரைச்சலை, அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பின்றி எழும் இரைச்சலைக் காட்டும். நொடிக்கு ஒரு பாகையின் ஆயிரத்தில் சில பங்கு வந்தால் சில் நலமாக உள்ளது. கோட்டின் அடிமட்டப் புள்ளியை 0.664ஆல் வகுத்தால் சார்பு நிலையின்மை கிடைக்கும்; அசையாதபோதும் சில் காட்டும் பொய்யான வேகம் மெல்ல அலைவதன் அளவு அது. நம் சில்லில் அது மணிக்குச் சில பாகைகளோ சில பத்துப் பாகைகளோ இருக்கும். கப்பல்களையும் விமானங்களையும் வழிநடத்தும் தர ஜைரோவிலோ மணிக்கு 0.01 பாகை அளவில் இருக்க வேண்டும். பூமி சுழல்வதே மணிக்குச் சுமார் 15 பாகைதான் என்பதை வைத்து அந்த இடைவெளியை உணரலாம். மொத்தப் பதிவு நேரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிய பகுதியை, இங்கே 2,160 நொடிக்கு மேல் உள்ளதை, நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை: தம் வரைபடத்தில் 330 நொடிக்கு அருகே ஒரு மேடு எழுவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சீராக ஏறி இறங்கும் தொந்தரவு ஒன்று, தன் சுற்றுக்காலத்தின் 0.37 பங்கில் மேடாகத் தோன்றும். அப்படியானால் சுற்றுக்காலம் ஏறத்தாழ 900 நொடி. அவருடைய அறையின் ஏசி கால் மணிக்கு ஒருமுறை நின்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் பதிந்து வைத்திருந்த வெப்பநிலையிலும் அதே அலை இருந்தது. ஏசியை நிறுத்தி மறுபடி பதிந்தபோது மேடு மறைந்துவிட்டது.