சமான பின்னம்: சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கோனில் பள்ளி விட்டதும் டியூஷனுக்கு வரும் நம் பிள்ளைகள், பர்மிய மொழியில் படித்த கணக்கை இங்கே தமிழில் கேட்டுத் தெளிவு பெறுகிறார்கள். புதிதாகச் சொல்லித் தர வரும் இளைஞர்களின் வகுப்பில் நான் பின்னால் உட்கார்ந்து கவனிப்பது வழக்கம். சமான பின்னம் (1/2, 2/4 போல எண்கள் வேறு, மதிப்பு ஒன்று) வந்தால் போதும், எங்கள் காலத்துத் தவறுகள் அப்படியே தலைகாட்டுகின்றன. வாய்ப்பாடு தப்புவது, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் மாற்றி எழுதுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்னத்துக்குப் பக்கத்தில் ‘× 2’ எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. பலகையில் 3/4 × 2 = 6/8 என்று எழுதிவிட்டு, “ரெண்டால பெருக்கினோம், சமான பின்னம் வந்துடுச்சு” என்கிறார்கள். ஒருநாள் ஒரு சிறுமி எழுந்து, “சயாமா (பர்மிய மொழியில் டீச்சர்), ரெண்டால பெருக்கினா கூடத்தானே செய்யணும்? அப்புறம் எப்படி சமம்?” என்று கேட்டாள். அருமையான கேள்வி. “ரூல் அப்படித்தான், எழுதிக்கோ” என்று பதில் வந்தது.

சிறுமி சொன்னதுதான் சரி. 3/4-ஐ 2-ஆல் பெருக்கினால் 6/4, அதாவது ஒன்றரை. 6/8 வர வேண்டுமானால் 2/2-ஆல் பெருக்க வேண்டும். 2/2 என்பது 1. ஒன்றால் பெருக்கினால் மதிப்பு மாறாது. இந்த ஒரு வரியை விழுங்கிவிட்டால், பின்னாளில் பின்னப் பெருக்கல் வரும்போதும் பிள்ளை 3/4 × 2-க்கு 6/8 என்றே எழுதும். அதைத் திருத்தப் போனால் சமான பின்னமும் சேர்ந்து குழம்பும்.

விதிக்கு முன்னால் காகிதத்தைக் கொடுங்கள். தாளை நீளவாக்கில் நான்கு பட்டையாக மடித்து, மூன்றுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். பிறகு குறுக்கே ஒரு மடிப்பு. மொத்தம் எட்டுக் கட்டம், வண்ணம் ஆறில். “வண்ணம் கூடிச்சா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பிள்ளைகளே சொல்லட்டும்.

நகைக்கடைக்கு அம்மாவோடு போயிருக்கும் பிள்ளைகளுக்குத் தங்க எடையே போதும். இங்கே தங்கம் நிறுக்கும் பர்மிய அளவில் ஒரு கியாட் எடைக்கு 16 பே, ஒரு பேவுக்கு 8 யுவே. முக்கால் கியாட் எடை என்றால் 12/16. யுவேயில் சொன்னால் 96/128. எண்கள் எட்டு மடங்கு ஏறின, தராசில் தங்கம் ஏறவில்லை.

சுருக்கினால் ‘குறைஞ்சிடுச்சு’ என்பது

அதே தவறின் மறுபக்கம். 6/8, 3/4 ஆகும்போது துண்டுகளின் எண்ணிக்கைதான் குறைகிறது, துண்டு பெரிதாகிறது.

மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டுவது

3/4-இல் மேல் எண்ணோடும் கீழ் எண்ணோடும் 1 கூட்டினால் 4/5. 3/4 வேறு, 4/5 வேறு. எண்கோட்டில் குறித்துக் காட்டுங்கள்.

ஒரு வட்டம் பெரிதாக, ஒரு வட்டம் சிறிதாக வரைவது

இரண்டு பின்னம் சமம் என்று காட்டும்போது இது கூடவே கூடாது. முழு வட்டமே வேறானால் சமம் என்று எப்படித் தெரியும்?

எப்போதும் இரட்டித்தே காட்டுவது

4, 8, 16, 32 என்று இரட்டித்தே பழகிய பிள்ளை, 3/4-க்குச் சமமாகக் கீழே 20 உள்ள பின்னம் கேட்டால் திகைத்து நிற்கும். 3, 5, 7 மடங்குகளையும் ஆரம்பத்திலேயே கொடுங்கள். அப்புறம், 6/8-க்குச் சமமாகக் கீழே 12 வர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். எட்டின் மடங்கில் 12 இல்லை என்பதால் பலர் ‘விடை இல்லை’ என்று எழுதுவார்கள். 3/4-க்கு இறங்கி, அங்கிருந்து 9/12-க்கு ஏறலாம் என்பது அவர்களுக்கே பிடிபட வேண்டும். அதற்கு ஒரு முழு வகுப்பு போனாலும் போகட்டும், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.