மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வெளிநாடு வந்தவர்கள் தொடர் பரிசோதனையை விடாமலிருக்க

வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று அலையும் முதல் சில மாதங்களில்தான் பரிசோதனைகள் தள்ளிப்போகின்றன. இந்த நோய் திரும்புமானால் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் திரும்பும். அதனால் கணக்கை வந்திறங்கிய நாளிலிருந்து தொடங்காதீர்கள். ஆபரேஷன் நடந்த தேதிதான் கணக்கு.

சிஇஏ (இந்தப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5 ஆண்டு முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை. மார்பு, வயிறு, இடுப்புக்குழி சிடி ஸ்கேனுக்கு நாட்டுக்கு நாடு இடைவெளி மாறும். பல இடங்களில் 6 முதல் 12 மாதம். மார்பை விட்டுவிடக் கூடாது. மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தம் கல்லீரலைத் தொடாமலே இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும், நோயும் அந்த வழியில் பரவலாம். கொலோனோஸ்கோபி (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) 1 ஆண்டில். ஒன்றும் இல்லையென்றால் அதிலிருந்து 3 ஆண்டில், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. கட்டி அடைத்திருந்து முன்பு முழுக்குடலையும் பார்க்க முடியாமல் போனவர்கள் ஓராண்டு காத்திருக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பின் 3 முதல் 6 மாதத்திலேயே செய்ய வேண்டும்.

கதிர்வீச்சிலும் கீமோவிலும் கட்டி முழுதாகக் கரைந்து, ஆபரேஷன் இல்லாமல் கண்காணிப்பில் இருப்பவர்கள் ஒரு தவணையைக்கூடத் தவறவிடக் கூடாது. முதல் 2 ஆண்டுகள் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும், கூடவே குறித்த இடைவெளியில் எம்ஆர்ஐயும் வேண்டும். கட்டி அதே இடத்தில் மீண்டும் தலைதூக்கினாலும், சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷனால் அகற்றிவிடலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொண்டுவந்தால் போதாது. பயாப்ஸி, ஆபரேஷன் அறிக்கைகள், கதிர்வீச்சு அளவு, கீமோ மருந்துகளின் பெயர், பழைய சிஇஏ எண்கள் எல்லாம் வேண்டும். ஸ்கேன்களை ஃபிலிமாக அல்ல, டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான கணினி வடிவம்) கோப்புகளாகக் குறுந்தட்டில் வாங்குங்கள். ஆபரேஷனுக்குப் பின் திருவெலும்புக்கு (முதுகெலும்பின் அடியில் உள்ள எலும்பு) முன்னால் தழும்புத் திசு நிற்கும். பழைய படம் பக்கத்தில் இல்லையென்றால் புது டாக்டருக்கு அது கட்டியாகத் தெரியலாம். தேவையில்லாத பயாப்ஸிவரை போய்விடும்.

சிஇஏ எண் லேபுக்கு லேப் மாறும். புது ஊரில் ஒரே லேபில் தொடருங்கள், முதல் எண்ணைப் புதிய அடிப்படையாக வையுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஒருமுறை ஏறினால் உடனே பதற வேண்டாம். மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்தடுத்து ஏறினால்தான் ஸ்கேன்.

பல நாடுகளில் குடும்ப மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் புற்றுநோய் நிபுணரைப் பார்க்க முடியாது. அவரிடம் “எல்லாம் சரியாகிவிட்டது” என்று சொன்னால் அவசரமில்லை என்று நினைத்துவிடுவார். “இந்தத் தேதியில் ஆபரேஷன், இந்த மாதம் ஸ்கேன் எடுக்க வேண்டும்” என்று எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், விடாத இடுப்பு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் வைத்த திறப்பு) வாயில் புதிதாகக் கட்டி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.